லாம்

"வாடகைதாரர் கமா உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி கமா அந்த இடத்தைப் பிறருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது புள்ளி."

எனக்கு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் விடியும். நீதிமன்றத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையைத் திறந்து, மெஷின் சூடாகிற வரைக்கும் வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பேன். மாடி ஜன்னலிலிருந்து சட்டம் இறங்கி வரும். வாடகை, ஜீவனாம்சம், திரும்பி வந்த காசோலை, மோட்டார் விபத்து, வேலைநீக்கம் என்று எல்லாம் கமாவும் புள்ளியுமாகக் காதில் விழும். தெருவில் நாய் குறுக்கே ஓடினால்கூட இது சிவிலா கிரிமினலா என்று யோசிக்கிற அளவுக்குக் கேட்டுக் கேட்டே தேறியிருந்தேன்.

மாடியில் நடந்தது ஒரு சட்ட மாத இதழ். பெரிய அலுவலகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கணவன், ஒரு மனைவி, எதிரெதிரே இரண்டு மேசை, சுவர் நெடுக அலமாரி. பின்னறையில் அடுப்பும் கட்டிலும். மேல் நீதிமன்றங்களில் புதிதாக எந்தத் தீர்ப்பு வந்தாலும் ஆசிரியரான கணவர் அதைச் சுண்டக் காய்ச்சி அரைப் பக்கத்தில் அடக்குவார். கீழே யாராவது ஒரு வக்கீலின் கருத்துரை இருக்கும். தீர்ப்பு சரியா, தப்பா, இனி யார் பாடு திண்டாட்டம் என்பதெல்லாம் அதில்தான். மாதம் பிறந்தால் வக்கீல்கள் என் கடையில் நின்றுகொண்டு, "இதழ் வந்தாச்சா?" என்று மாடியை அண்ணாந்து பார்ப்பார்கள். நிற்கிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். பேனாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் என் கடையில் எல்லாப் பேனாவையும் நூலில் கட்டி வைத்திருந்தேன்.

பிழை பார்ப்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா மூலப் பிரதியை உரக்க வாசிப்பாள், கமா புள்ளி எதையும் விடாமல். ஆசிரியர் அச்சகத்திலிருந்து வந்த புரூஃப் தாளில் சிவப்புப் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவார். எங்காவது இடித்தால் பென்சிலின் பின்பக்கத்தால் மேசையில் இரண்டு தட்டு. அக்கா நின்றுவிடுவாள். அவர் திருத்தத்தைச் சொல்லிவிட்டு, "போகலாம்" என்பார். அக்கா விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். புருஷன் பெண்டாட்டி நாள் முழுக்கப் பேசிக்கொண்டதே அவ்வளவுதான். சோற்றில் உப்பில்லை என்றால்கூடத் தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுவாராம். "வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று அக்கா கேட்பது கீழே எனக்குக் கேட்கும்.

ஆசிரியருக்குத் தெருவில் பெயர் 'லாம்'. அதற்கு ஒரு கதை உண்டு. முன்பு ஒரு இதழில், 'அனுமதிக்கலாம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அனுமதிக்க வேண்டும்' என்று அச்சாகிவிட்டது. ஒரு வக்கீல் அதை நம்பி, இதழைக் கையில் ஆட்டி ஆட்டி வாதாடியிருக்கிறார். நீதிபதி மூலத் தீர்ப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்கே இருக்கு 'வேண்டும்'?" என்று கேட்க, மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. நேரே மாடிக்கு வந்து கத்து கத்தென்று கத்தினார். அன்றிலிருந்து ஆசிரியருக்கு அந்த ஒரு எழுத்துக் கூட்டத்தின் மேல் பித்துப் பிடித்துவிட்டது. வேறு எந்தப் பிழைக்கும் இரண்டு தட்டு. லாம் தவறினால் மேசை அதிரும்.

"லாம்ங்கிறது கதவத் தொறந்து வச்சிருக்கேன்னு சொல்றது. வேண்டும்ங்கிறது கழுத்தப் புடிச்சு வெளிய தள்றது. ரெண்டும் ஒண்ணாய்யா?" என்பார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம்.

டீக்கடைக்காரர் அவரைக் கண்டால் விட மாட்டார்.

"சார், டீ போடவா?"

"போடலாம்."

"லாமா, வேணுமா? தெளிவா சொல்லுங்க. நாளைக்கு நீங்க கேஸ் போடுவீங்க."

ஆசிரியர் சிரிக்க மாட்டார். "போடு" என்பார்.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல். ஈரத்தில் தாள் ஊதி, மெஷினில் சிக்கிச் சிக்கி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. மேலே அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள். பாகப் பிரிவினை வழக்கு. நெடுநேரமாகத் தட்டே கேட்கவில்லை. இன்றைக்கு அச்சகத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். பிறகு வாசிப்பு நின்றது. நாற்காலி ஒன்று விழுந்தது. நான் மேலே ஓடியபோது ஆசிரியர் புரூஃப் தாளின் மேல் தலை வைத்துக் கிடந்தார். பென்சில் கீழே உருண்டு கிடந்தது.

"தப்பே இல்லபோலன்னு நான் பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே போயிட்டேன்" என்றாள் அக்கா. ஆம்புலன்ஸில் சொன்னாள், மருத்துவமனை வராந்தாவில் சொன்னாள், பார்க்க வந்த எல்லோரிடமும் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மெஷின் அவருக்காக மூச்சு விட்டது. மழை முடிந்தது, பனி வந்தது, வெயிலும் ஏறிவிட்டது. அவர் கண் திறக்கவில்லை.

இதழ் மட்டும் நிற்கவில்லை. சந்தா கட்டியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள் அக்கா. காலையில் தீர்ப்புகளைச் சுருக்குவாள், மதியம் மருத்துவமனைக்குப் போவாள், சாயங்காலம் வந்து அச்சகத்தோடு மல்லுக்கட்டுவாள். அடுப்பு மூட்டுவதில்லை. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். "உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று நான் ஒரு முட்டையை அவித்துக் கொண்டுபோய் வைத்தால், ஓட்டைக்கூடப் பார்க்காமல் உரித்துத் தின்பாள்.

ஒரு நாள் மேலிருந்து கூப்பிட்டாள். "ஜெராக்ஸு, செத்த மேல வா. வாசிக்க ஆளில்ல."

அவள் ஆசிரியரின் நாற்காலிக்கு மாறியிருந்தாள். அவளுடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எனக்கு வாசிப்பு பத்தாம் வகுப்போடு சரி. 'மேல்முறையீட்டாளர்' என்ற சொல்லில் நாக்கு குப்புற விழுந்தது. அக்கா தட்டவில்லை. "திரும்ப" என்று மட்டும் சொல்வாள்.

அந்த மாதப் புரூஃப் கட்டுக்குள்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. அக்காவே சுருக்கியிருந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் பாட்டுக்கு வாசிக்கத் தொடங்கினேன்.

"நோயாளி மீண்டு வர வாய்ப்பில்லை என இரு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே உறுதி செய்தால் கமா நெருங்கிய குடும்பத்தார் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளும் நிலையில் கமா நீதிமன்றத்தை அணுகாமலேயே கமா உயிர்காக்கும் கருவிகளை விலக்கலாம்."

தாளிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

"புள்ளி சொல்லல நீ" என்றாள் அக்கா.

"புள்ளி."

"கருத்துரை."

கருத்துரையை எழுதியவர் ஆசிரியரின் சொந்தத் தம்பி. பெரிய வக்கீல்தான். அண்ணன் இதழுக்கென்றால் சும்மாவே எழுதித் தருவார். நான் வாசித்தேன்: கருவியின் மூச்சை மனிதனின் மூச்சென்று எண்ணி வீடுகள் காத்துக் கிடக்கும் அவலத்துக்கு இத்தீர்ப்பு முடிவு கட்டுகிறது, கௌரவமாக வாழ்வதைப் போலவே கௌரவமாக விடைபெறுவதும் மனிதனின் உரிமை, வரவேற்கத்தக்க தீர்ப்பு.

அக்கா ஒரு கமாவைத் திருத்தினாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

மறுநாள் மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. அக்காவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மேசை மேலிருந்த துணியை நீவிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு குழுவும் பாத்துட்டாங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. இனிமே அவரு திரும்பறதுக்கில்ல. இப்ப சட்டமும் இடம் குடுக்குது. முன்ன மாதிரி கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். புதுசா ஒரு தீர்ப்பு..."

"தெரியும். நாங்கதான் அச்சடிக்கிறோம்" என்றாள் அக்கா.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எழுதிக் கேக்க வேண்டியது நீங்கதாம்மா. மனைவி இருக்கும்போது முதல்ல உங்களதான் கேப்போம். அவசரம் ஒண்ணுமில்ல."

"வலிக்குமா?"

"வலி தெரியாம மருந்து குடுத்துட்டுத்தான் செய்வோம்."

"மெஷின எடுத்தா உடனேயா?"

"சொல்ல முடியாதும்மா. கொஞ்ச நேரம் ஆகலாம்."

அக்கா அந்தச் சொல்லைக் கேட்டு டாக்டரம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோரும் கூடினார்கள். எல்லோரும் என்றால் வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள், தம்பி வக்கீல், அக்கா. தேநீர் கொண்டுபோன என்னையும் அக்கா போகவிடவில்லை. "நீ இரு" என்றாள். மேல் கூரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் மேசை மேலிருந்த புரூஃப் தாள்கள் படபடத்தன. ஆசிரியரின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வக்கீல் நின்றுகொண்டே பேசினார். பழக்கம்.

"நான் இதுக்குச் சம்மதிக்க மாட்டேன் அண்ணி. நேத்து நான் கையப் புடிச்சப்ப சூடா இருந்துச்சு. ரத்தம் ஓடுது. நெஞ்சு ஏறி எறங்குது."

"அது மெஷின் சித்தப்பா" என்றாள் மகள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. "அப்பா மாதிரியே இல்ல. நகம் வெட்டி விட்டேன். கைய இழுத்துக்கவே இல்ல. அப்பாவுக்கு நகம் வெட்டினா கூச்சம் தாங்காது. அம்மா, நிறுத்திடலாம்மா."

"நீ சின்னப் பொண்ணு. ஒனக்குத் தெரியாது. மொதல்ல இந்தத் தீர்ப்பே நிக்குமான்னு தெரியல. சீராய்வு மனு போடுவாங்க. நெருங்கிய குடும்பத்தார்னா யாருன்னே அதுல வரையறுக்கல. தம்பியும் நெருங்கிய குடும்பம்தான். அது முடிவாகற வரைக்கும் காத்திருக்கலாம்."

"காத்திருக்கலாமா, காத்திருக்கணுமா?" என்றாள் அக்கா.

வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கோபமாக எடுத்தாள் என்று சொல்ல முடியாது. எடுத்து, வழக்கமான அந்தக் குரலில், கமாவோடு வாசித்தாள்.

"கருவியின் மூச்சை கமா மனிதனின் மூச்சென்று எண்ணி கமா..."

"அண்ணி, வேண்டாம்."

"நீங்க எழுதினதுதான தம்பி."

"அது பொதுவா எழுதினது."

ஊருக்குத்தான் உபதேசம் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் அப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். பெரிய பெரிய வழக்கெல்லாம் ஜெயித்தவர். என் கடை வாசலில் கார் நிறுத்தினால் தெருவே ஒதுங்கும். இப்போது அண்ணன் கையைக் கூட்டத்தில் தவறவிட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

"அத எடுத்துடுங்க அண்ணி. இந்த மாசம் கருத்துரை இல்லாமப் போடுங்க."

"இருக்கட்டும். தப்பில்லாமத்தான் எழுதியிருக்கீங்க."

அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா தோணுது ஒனக்கு?"

"ஒண்ணுமே தோணல ஜெராக்ஸு. கல்லாட்டம் இருக்கு. அழுகைகூட வரல." பிறகு சொன்னாள்: "வேண்டும்னு போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். சட்டம் சொல்லிச்சு, செஞ்சேன்னு இருந்திருப்பேன். கூடாதுன்னு போட்டிருந்தாலும் சரி. காலம் பூரா பக்கத்துலயே உக்காந்திருப்பேன். இந்த லாம் இருக்கே, அது எல்லாத்தையும் கொண்டாந்து என் மடியில வச்சிருச்சு. இதுக்காகவா மனுசன் மேசைய ஒடச்சாரு?"

"லாம்னா அப்படியே விட்டுடவும் செய்யலாம்ல?"

"விடலாம்" என்றாள். "அதுவும் லாம்தான்."

அடுத்த நாள் மதியம் என்னைக் கடையைச் சாத்தச் சொன்னாள். நீதிமன்றம் நடக்கிற நாளில் கடையைச் சாத்துவதாவது என்று மற்ற நாளாக இருந்தால் சண்டைக்கு நின்றிருப்பேன். அவள் கையில் அந்த மாதப் புரூஃப் முழுக்கட்டும் இருந்தது. சாத்திவிட்டுப் போனேன்.

மருத்துவமனை அறையில் மருந்து வாசனை. ஜன்னலுக்கு வெளியே சுவர்தான். மெஷின் ஒரே சீராக ஏறி இறங்கியது. மகளால் உள்ளே வர முடியவில்லை, வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். வக்கீலும் வந்து கால்மாட்டில் நின்றார். கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் நீதிமன்றத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். அக்கா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, ஆசிரியரின் விரல்களுக்கு இடையில் செருகி, பென்சில் கட்டில் கம்பியைத் தொடுகிற மாதிரி கையை வைத்தாள். விரல்கள் வைத்தபடி இருந்தன.

பிறகு வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் பக்கத்திலிருந்து. வாடகை வழக்கு. காசோலை வழக்கு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட பேருந்து நடத்துநரைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன தீர்ப்பு. பேரப்பிள்ளைகளைப் பார்க்கத் தாத்தாவுக்கு உரிமை உண்டா என்ற வழக்கு. கமா, புள்ளி, அடைப்புக்குறி தொடக்கம், அடைப்புக்குறி முடிவு. நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள், இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விளங்காமல் போய்விட்டாள். எனக்குக் கால் கடுத்தது. ஆனாலும் அந்தக் குரல் ஏதோ பழைய காலை நேரத்தைக் கொண்டுவந்துவிட்டது. கொஞ்ச நேரம் நான் என் கடை வாசலில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பு வந்தது. அக்கா வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"நெருங்கிய குடும்பத்தார் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளும் நிலையில் கமா நீதிமன்றத்தை அணுகாமலேயே கமா உயிர்காக்கும் கருவிகளை விலக்க வேண்டும் புள்ளி."

வேண்டும் என்று வாசித்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார். தாளில் லாம் என்றுதான் இருக்கிறது, நானே வாசித்திருக்கிறேன். அக்கா தாளைப் பார்க்கவில்லை. அவள் அந்தப் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மூன்று பேரும் அந்தப் பென்சிலைப் பார்த்தோம். தட்டுங்க சார், ஒரே ஒரு தட்டு, லேசா நகர்த்தினாக்கூடப் போதும் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். வக்கீல் ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மெஷின் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் மேசை அதிரத் தட்டிய ஒரே பிழை அது.

பென்சில் அசையவில்லை.

அக்கா காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவர் விரல்களிலிருந்து பென்சிலை மெதுவாக உருவி எடுத்து, அதன் பின்பக்கத்தால் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள்.

"லாம்" என்றாள். "விலக்கலாம். புள்ளி."

அதற்குப் பிறகு அவர் பேச வேண்டிய இடம். அந்த இடத்தை அக்கா அவருக்கு விட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். வக்கீலின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் கோட்டுக் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

அக்கா குனிந்து ஆசிரியரின் காதருகே போனாள். ஏதோ ஊருக்குக் கிளம்புகிறவரிடம் சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"போகலாம்ங்க."

நெற்றியில் படிந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். தாள்களை அடுக்கிக் கட்டினாள். கருத்துரையை வாசிக்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்தபோது கொழுந்தன் அவள் பின்னாலேயே வந்தார். "நான் இருக்கேன் அண்ணி" என்றார். அக்கா தலையாட்டினாள்.

டாக்டரம்மா சம்மதத் தாளை எடுத்து மேசையில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அக்கா குனிந்தாள். கையில் இருந்தது சிவப்புப் பென்சில். அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என் பக்கம் கையை நீட்டினாள்.

என் பையைத் துழாவினேன். கடையைச் சாத்துகிற அவசரத்தில் அறுத்து எடுத்துப் போட்டிருந்த பேனா கிடைத்தது. கொடுத்தேன். அதில் கட்டியிருந்த நூல் மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்க, அக்கா தன் பெயரை எழுத்து எழுத்தாக, பிழையில்லாமல் எழுதினாள்.